கழுத்தில் மட்டி காய்த்த ஊர்

நாணல்குறிச்சியில் ஒரு பெண்ணுக்குப் பூ வைத்துச் சம்பந்தம் உறுதியாகிற அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆற்று மீன் குழம்பு ஊற்றியே ஆக வேண்டும். குளத்து மீன் போட்டால் பெண்ணைக் கொடுக்க மனசில்லை என்று அர்த்தம், ஆட்டுக்கறி போட்டால் பெண்ணிடம் ஏதோ குறையை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது, மீறியவர்களும் கிடையாது. ஆற்றில் மீன் துள்ளிய காலத்தில் இது ஒரு பெரிய காரியமாக இருக்கவில்லை. பிறகு மணல் லாரிகள் வந்தன. படுகையைப் பாறை தெரியச் சுரண்டிக்கொண்டு போயின. தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, மூக்கைப் பிடிக்க வைத்தது. மீன்கள் போய்விட்டன, சட்டம் மட்டும் போகவில்லை. ஆகவே ஊர்க்காரர்கள் பண்ணை மீனை ஐஸ் பெட்டியில் வாங்கி வந்து, மஞ்சள் போட்டுக் கழுவி, புளி கரைத்துக் கொதிக்க வைத்து, "காலையில வலையில விழுந்ததாக்கும்" என்று கூசாமல் பரிமாறினார்கள். சம்பந்தி வீட்டாரும் "ஆத்து மீன்னா ஆத்து மீன்தான், அந்த ருசியே தனி" என்று கூசாமல் தின்றார்கள். லாரிகளுக்கு மணலை அள்ளிக் கொட்டியவை இதே ஊரின் கைகள்தான் என்பதால், ஆறு எப்படிப் போயிற்று என்ற பேச்சை ஊரில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் யார் வீட்டு மாடிப்படியில் போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

லாரிகள் நின்று கொஞ்ச காலம் கழித்து, பாளையங்கோட்டையிலிருந்து ஜெனிட்டா என்ற பெண் வந்து சேர்ந்தார். மட்டி என்கிற ஆற்றுச் சிப்பியைப் பற்றிப் படித்தவர், மட்டியைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசத் தெரியாதவர். ஊரில் அவருக்கு 'மட்டி மேடம்' என்று பெயர் வைத்து, அதை அவர் முன்னாலேயே சொன்னார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். பழைய பாலத்துக்கு அடியில் லாரிக்காரர்களின் இயந்திரம் எட்டாத கசத்தில், ஆற்றின் அந்த ஆழமான மடுவில், உள்ளங்கை அகலத்தில் கறுத்த மட்டிகள் கொஞ்சம் மிச்சம் இருந்ததை அவர்தான் முங்கிக் கண்டுபிடித்தார். மட்டி என்பது அழுக்குத் தண்ணீரைக் குடித்து அழுக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தெளிந்ததை வெளியே விடுகிற பிராணி, அது படுகை நிறைய இருந்தால்தான் ஆறு மறுபடி ஆறாகும் என்று சொல்லி, மூடிக் கிடந்த ரைஸ் மில்லை வாடகைக்குப் பிடித்துத் தொட்டிகள் கட்டி மட்டிப் பண்ணை ஆரம்பித்தார்.

அதற்குக் காவலாக வந்து சேர்ந்தவர் கொம்பையா. மனைவி வேலம்மை காலமான பிறகு ஒரே மகள் செண்பகவல்லியைத் தனியாக வளர்த்தவர், ஒருவரிடம் ஒரு டீக்குக்கூடக் கடன்படாதவர், சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரம் வரை இருக்கிறவர். மட்டிக் குஞ்சு பிறந்ததும் நேரே மணலில் பிழைக்காது என்பதை ஜெனிட்டா அவருக்குத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார். தாய் மட்டி தண்ணீரில் பீய்ச்சி விடுகிற குஞ்சுகள், கண்ணுக்குத் தெரியாத பொடிகள், ஒரு மீனின் செவுளைக் கவ்விப் பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் அதன் மேலேயே இருந்து வளர்ந்து பிறகுதான் உதிரும், அதுவும் இந்த ஆற்றிலே பிறந்த கெண்டையாக இருந்தால்தான் கவ்வும், வேறு கெண்டையைச் சீண்டாது. அந்தக் கெண்டைகளையும் அதே கசத்திலிருந்து பிடித்து வந்து தொட்டியில் விட்டார்கள். தாய் மட்டிகள் குஞ்சுகளைப் பீய்ச்சின, கெண்டைகளின் செவுளில் அவை ஒட்டின. வயதான தாய்கள் அத்தோடு தங்கள் வேலை முடிந்தது என்பது போல ஒவ்வொன்றாக ஓடு திறந்து செத்துப்போயின. ஆக, அந்த ஆற்றின் மட்டிக் குலத்தில் மிச்சம் இருந்தது அத்தனையும் ஒரு தொட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கெண்டைகளின் செவுளில்தான் இருந்தது. இது கொம்பையாவுக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்லித் தப்பிக்க அவருக்கு வழியே இல்லை.

செண்பகவல்லிக்கு வரன் அமைந்தது மீன் கமிஷன் கடை வைத்திருக்கும் அணைந்தபெருமாளின் மகன். பையன் தங்கமானவன், அப்பன் வாய்தான் நீளம். முதல் தடவை பெண்ணைப் பார்த்துப் போகும்போது கொம்பையா பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டிகளைக் காட்டினார். அணைந்தபெருமாள் கெண்டைகளைப் பார்த்துவிட்டு, கூட நின்றவர்கள் எல்லாம் கேட்கச் சிரித்தார்.

"பூ வைக்க வாரோம் சம்பந்தி, ஆத்து மீனு போடுவியளா? உங்க ஊரு ஆத்து மீனெல்லாம் எங் கடை ஐஸ் பெட்டியில இருந்துதான் போவுது, தெரியும்லா? வேணும்னா சொல்லுங்க, நானே ரெண்டு பெட்டி அனுப்பி வச்சிருதேன். எம் மீன எனக்கே போட்டுருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஊரே சிரித்தது, வருஷக்கணக்காகத் தானும் அதே பொய்யைத் தின்ற ஊர். கொம்பையாவுக்குக் காதெல்லாம் சுட்டது. "எம் மவளுக்கு நெசமான ஆத்து மீனு போடுதேன் அண்ணாச்சி. வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு ஆற்றில் மேலே போய் வலை வீசினார், கீழே போய் வீசினார், கசத்தில் வீசினார். பிளாஸ்டிக் பையும் ஒரு செருப்பும்தான் வந்தன. பூ வைக்கிற நாள் காலையில், வாசலில் மாவிலை கட்டியாயிற்று, அடுப்பு மூட்டியாயிற்று, வேன் கிளம்பிவிட்டது என்று போன் வந்தாயிற்று. கொம்பையா பண்ணைக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, கைவலையை எடுத்து, தொட்டியைத் துடைத்தது போல அள்ளினார்.

சமையல் சங்கிலி. வேலம்மையின் தம்பி, செண்பகவல்லிக்குத் தாய்மாமன், அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் விசேஷச் சமையல்காரன். ஈரச் சாக்கை வாங்கிப் பிரித்துப் பார்த்தவன், "அத்தான், இது எங்கெ கெடச்சுது?" என்று கேட்டான். "மேக்கே ஒருத்தன்ட்ட வாங்குனேன், நீ கழுவு" என்றார் கொம்பையா. சங்கிலி கழுவினான். தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டு, கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றி அவன் இறக்கிய குழம்பின் வாசனை தெருமுனை வரை போயிற்று, அழைத்தவர்களும் வந்தார்கள், அழைக்காதவர்களும் வந்தார்கள். ஊராட்சித் தலைவி முப்பிடாதி வந்தார், வாத்தியார் வந்தார், ரேஷன் கடைக்காரர் வந்தார், சிறப்பு விருந்தாளியாக மட்டி மேடமும் வந்து இலையில் உட்கார்ந்தார். அணைந்தபெருமாள் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார், பிறகு எதுவும் பேசவில்லை. ஜெனிட்டா நல்லா இருக்கு என்று சொல்லி இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். கொம்பையா ஒவ்வொரு இலையாகக் குனிந்து குனிந்து ஊற்றினார். தன் இலையில் மோரும் ஊறுகாயும் போட்டுச் சாப்பிட்டு எழுந்தார். அப்பாவுக்கென்று செண்பகவல்லி தூக்குச்சட்டியில் எடுத்து வைத்திருந்த தலைத் துண்டைக் கொல்லைப்புறத்தில் நாய்க்குக் கொட்டினார்.

மறுநாள் ஜெனிட்டா வெறும் தொட்டியின் விளிம்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "யாரு அண்ணாச்சி?" என்று அவர் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார். "தெரியலம்மா. பூட்டு தெறந்து கெடந்துச்சு" என்றார் கொம்பையா. அவர் வாழ்நாளில் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்த சொற்கள் வேறு இல்லை, அது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

அடுத்த வாரம் முப்பிடாதி தலை சீவும்போது வலது காதுக்குக் கீழே, தாடை முடிந்து கழுத்து ஆரம்பிக்கிற பள்ளத்தில், கடுகு போல ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. கிள்ளிப் பார்த்தார், வரவில்லை. ரெண்டு நாளில் இடது பக்கமும் வந்தது, வரிசையாக வந்தது, கடுகு உளுந்தாகி உளுந்து புளியங்கொட்டை ஆயிற்று, கறுப்பாகப் பளபளவென்று ஓடு தெரிந்தது, குளிக்கும்போது தண்ணீர் பட்டால் மெல்ல வாய் திறந்தது. செவுளைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தானே மீன் கழுவுவார்கள், கொதித்த குழம்பில் எது பிழைக்கும் என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். நாணல்குறிச்சியில் யாரும் கேட்கவில்லை. என்ன தின்றோம் என்பது கழுத்தில் வந்தவுடன் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, அதனால் வேறு கேள்விகள் கேட்க யாருக்கும் முகம் இல்லை.

முகம் இல்லாததால் கழுத்தை மூடினார்கள். கொளுத்துகிற வெயிலில் ஆண்கள் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்தார்கள், கேட்டால் சளி என்றார்கள். பெண்கள் கொண்டையை அவிழ்த்துக் கூந்தலைத் தோளில் பரத்திக்கொண்டார்கள். வாத்தியார் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பாடம் நடத்தினார், பிள்ளைகள் துண்டைச் சுற்றிக்கொண்டு கேட்டார்கள். முடிவெட்டும் கடைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரரும் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தார். ஒருவரை ஒருவர் பார்க்கும்போது முதலில் கழுத்தைப் பார்த்தார்கள், மூடியிருந்தால் நிம்மதியானார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வேன் பிடித்துக் கழுத்தில் துண்டோடு வந்து இறங்கி, சம்பந்தம் பேசவா சண்டை பேசவா என்று தெரியாமல் மரத்தடியில் நின்றார்கள்.

கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஜெனிட்டா எழுந்து துப்பட்டாவை எடுத்தார். அவர் கழுத்தில் மற்ற எவரையும்விட நெருக்கமாக, ரெண்டு பக்கமும் காய்த்திருந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது, ஒவ்வொரு மப்ளராகக் கீழே இறங்கியது.

"இது உயிரோட இருக்கு" என்றார் ஜெனிட்டா. "மீன் மேல இருக்க வேண்டியது நம்ம மேல இருக்கு. யாரும் பிச்சு எடுக்கக்கூடாது. பழுத்ததும் தானா விழும். தரையில விழுந்தா செத்துரும், வீட்டுல விழுந்தா செத்துரும், பஸ்ஸுல விழுந்தா செத்துரும். ஆத்து மணல்ல விழுந்தாத்தான் பொழைக்கும். இதைத் தவிர இந்த ஆத்துக்கு வேற மட்டி கிடையாது. அதனால எல்லாரும் ஆத்துல போய் நிக்கணும்."

"எம்புட்டு நாளு?" என்றார் ரேஷன் கடைக்காரர்.

"விழுற வரைக்கும்."

இப்படித்தான் நாணல்குறிச்சி ஆற்றுக்குள் குடிபோயிற்று. பொழுது சாய்ந்தால் மட்டிகள் இறுக மூடிக்கொள்ளும், விழாது. ஆகவே விடிந்ததும் இறங்கி இருட்டியதும் ஏறினார்கள். லாரி நின்ற பிறகு கொஞ்சம் மணல் சேர்ந்திருந்த வளைவில் கழுத்தளவுத் தண்ணீரில் ஊரும் மாப்பிள்ளை வீட்டாரும் வரிசையாக நின்றார்கள், குட்டையானவர்கள் கல்லைப் போட்டு ஏறி நின்றார்கள். ரேஷன் கடைக்காரர் வாழைத்தண்டுகளைத் தெப்பமாகக் கட்டித் தராசை அதில் வைத்துப் பருப்பு நிறுத்தார். வாத்தியார் கரும்பலகையை மருத மரத்தில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள்ளிருந்து பாடம் நடத்தினார். டீக்கடைப் பாய்லர் கரையில் கொதித்தது, டம்ளர்கள் கையிலிருந்து கைக்கு மிதந்து போயின. ரெண்டு வீட்டுக்காரர்கள் வாய்க்கால் தகராறை ஆற்றுக்குள் வைத்தே பேசி முடித்தார்கள். பாலத்தில் போகிற பஸ் நின்று வேடிக்கை பார்த்தது, பிறகு அதுவும் பழகி நிற்காமல் போனது. பழகாதது ஒன்றே ஒன்று. கால் வைத்த இடத்தில் படுகை சட்டென்று பள்ளமாக இறங்கும். அது தான் வெட்டிய பள்ளம் என்று அவரவர் காலுக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டே இருப்பவர்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கழுத்தில் எதுவும் இல்லாமல் கரையில் நின்றது கொம்பையா ஒருவர்தான்.

பண்ணையைக் கொள்ளையடித்தது யார் என்று கேட்க வேண்டிய நேரம் வந்தபோது, அந்தச் சுத்தமான கழுத்து அவருக்குச் சாட்சி சொல்லிற்று. "பாருங்கய்யா, மவ விசேஷத்துல ஒரு வாய் திங்காம இருந்துருக்காரு. மீனு எங்கிருந்து வந்துச்சோன்னு சந்தேகம் வந்துருக்கும். காவக்காரன்னா இப்பிடில்லா இருக்கணும்" என்றார் முப்பிடாதி. அப்படியானால் மீனைக் கொண்டுவந்தது யார்? கழுவினவன், கொதிக்க வைத்தவன், சமையல்காரன். சங்கிலியைக் கரைக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் கழுத்திலும் மட்டி, உப்புப் பார்த்த கழுத்து. அவன் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தான்.

"மீனு வாங்குற பொறுப்பு அவன்ட்டதான் குடுத்தேன்" என்றார் கொம்பையா. மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் நின்றார், அதனால் சொன்னார். காவல்காரனே திருடன் என்று தெரிந்தால் அந்த வேன் திரும்பிப் போய்விடும், செண்பகவல்லிக்கு இனி இந்த வட்டாரத்தில் ஒருத்தன் வரமாட்டான் என்பதால் சொன்னார்.

சங்கிலிக்கு வாய் அசைந்தது. தூரத்தில் தண்ணீருக்குள் நின்ற மருமகளைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். "ஆமா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

எல்லோரும் தின்ற மீனுக்கு ஒருவன் மேல் பழி கிடைத்ததும் ஊருக்கு உடம்பே லேசாகிவிட்டது. திருடனோடு ஒரே தண்ணீரில் நிற்க மாட்டோம் என்றார்கள், வளைவை ஒட்டிய பாறைக்கு அந்தப் பக்கம் மதகுக்குக் கிட்டே, சுழித்து ஓடுகிற இடத்தில் போய் அவன் தனியாக நிற்கட்டும் என்றார்கள். இனி எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவன் கரண்டி பிடிக்கக்கூடாது என்றும் தீர்மானம் ஆயிற்று. அவன் பாறையைத் தாண்டி வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொம்பையாவுக்குக் கொடுத்து, முப்பிடாதி அவர் தோளில் ஒரு புதுத் துண்டையும் போர்த்தினார். கொம்பையா அந்தத் துண்டோடு பாறை மேல் உட்கார்ந்து தன் மைத்துனனுக்குக் காவல் இருந்தார். சங்கிலி ஒருதடவைகூட மேலே ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஏறிட்டுப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கொம்பையாவுக்குத் தோன்றியது. திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஒருநாள் மத்தியானம் செண்பகவல்லி தண்ணீரிலிருந்து கரையோரம் வந்து சோறு வாங்கிக்கொண்டாள். வீட்டு நாய் அவளுக்குப் பின்னாலேயே நீந்தி வந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதன் ரெண்டு காதுக்குக் கீழேயும் மட்டி கொத்தாகக் காய்த்திருந்தது. அதைப் பார்த்து ஊர் நாளெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது, மட்டி மேடம் அதற்கும் ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்.

"யப்பா" என்றாள் செண்பகவல்லி. "நாய்க்கு யாரு போட்டா?"

கொம்பையா நாயைப் பார்த்தார்.

"தலைத் துண்டு ஒங்களுக்குன்னு நாந்தான் எடுத்து வச்சேன். தெரியாம வாங்குன மீனுன்னா நீங்க தின்னுருப்பிய. தெரிஞ்சுதானெ கொட்டுனிய?"

"ஏட்டி, ஒனக்காவத்தான்..."

"எனக்காவன்னு சொல்லாதிய" என்றாள் அவள். "மாமாவும் எனக்காவத்தான் அங்கெ நிக்காவ. அவிய நிக்கலாம். நீங்க சொல்லாதிய." சோற்றைத் தொடாமல் வைத்துவிட்டுத் திரும்பத் தண்ணீருக்குள் போய்விட்டாள். கொம்பையா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், பிறகு அது எந்தத் துண்டு என்று பார்த்தார், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மட்டிகள் விழ ஆரம்பித்தது அதற்கு மறுநாள் காலையில். முதலில் வாத்தியாருக்கு, பாடத்துக்கு நடுவில், டுப்பென்று ஒன்று. பிறகு எல்லோருக்கும். வரிசை முழுக்கச் சாரல் விழுகிற மாதிரி ஒரு சத்தம், தண்ணீருக்கு அடியில் மணலில் ஒவ்வொன்றும் நிமிர்ந்து, நாக்கை நீட்டித் தோண்டி, உள்ளே இறங்கி மறைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஜெனிட்டா முங்கி முங்கிப் பார்த்து வெளியே வந்து அழுதுகொண்டே சிரித்தார். அப்போதுதான் அவர் திரும்பி மதகுப் பக்கம் பார்த்துக் கத்தினார்.

"சங்கிலி அண்ணனுக்கும் விழுது! அங்க மணலே இல்ல, எல்லாம் அடிச்சுட்டுப் போவுது! யாராவது அவரை இங்க கூட்டிட்டு வாங்க!"

யாரும் அசையவில்லை. சங்கிலி சுழிப்பில் ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு, விழுகிறதை விழாமல் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல் இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக நழுவி மதகுக்குள் போனது. திருடன் என்று ஒதுக்கப்பட்டவன் அங்கே தன்னந்தனியாக, ஊருக்குச் சொந்தமான ஒன்றைக் காப்பாற்ற மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

கொம்பையா துண்டோடு சட்டையோடு பாறையிலிருந்து குதித்தார். சுழிப்பு அவரை ஒருதடவை உருட்டிற்று. எழுந்து போய் ரெண்டு கையையும் சேர்த்துக் குழித்துச் சங்கிலியின் கழுத்துக்குக் கீழே ஏந்தினார். மட்டிகள் அவர் கையில் விழுந்தன. ஈரமாக, சூடாக, ஒரு ஆளின் உடம்புச் சூட்டோடு விழுந்தன.

"அத்தான், நீங்க போங்க. பாத்துட்டிருக்காவ" என்றான் சங்கிலி.

"பாக்கட்டும். நடலே."

அவனை முன்னே நடக்க விட்டு, ஏந்திய கையை எடுக்காமல், பாறையைச் சுற்றி ஊர் நிற்கிற தண்ணீருக்குள் கொண்டுவந்தார். வரிசை விலகியது. மணல் மேல் வந்ததும் கையில் இருந்ததைக் குனிந்து தண்ணீருக்கடியில் வைத்தார், நிமிர்ந்தார். அணைந்தபெருமாள் எதிரில் நின்றார். செண்பகவல்லி பக்கவாட்டில் நின்றாள். பார்க்க ஒரு இடம் இல்லாமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

"பூட்டத் தெறந்து அள்ளுனது நாந்தான். இவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆத்து மீனு போடுதேன்னு சொன்ன வாய்க்காவச் செஞ்சேன். செஞ்சதுக்கு மேல இவன் தலையில போட்டேன். நீங்க சம்பந்தத்த நிப்பாட்டுனாலும் சரிதான், எம் மவளக் கொற சொல்லாதிய."

அணைந்தபெருமாள் கழுத்தைத் தடவினார். அவருக்கும் ஒன்று அப்போதுதான் விழுந்தது.

"நான் என்னத்த நிப்பாட்ட?" என்றார். அவருடைய நீளமான வாய் அன்றைக்குச் சுருங்கியிருந்தது. "மொத வாயிலயே தெரிஞ்சிட்டு. எங் கடை மீனுக்கு அந்த ருசி கெடையாது. தொட்டியப் பாத்துட்டு வந்தவன்தானெ நான்? வேற எங்கிருந்து வந்துருக்கும்? தெரிஞ்சேதான் மூணு தடவ சோறு வாங்குனேன்."

"எனக்கும்தான்" என்றார் முப்பிடாதி மெதுவாக. "இந்த ஆத்துல மீனு ஏதுன்னு எனக்குத் தெரியாதா?" ரேஷன் கடைக்காரர் ஆமா என்றார், வாத்தியார் தலையை அசைத்தார். வரிசை நெடுக அந்த ஆமா போயிற்று. சங்கிலியைப் பாறைக்கு அந்தப் பக்கம் துரத்திய வாய்கள் எல்லாம் ஒன்று விடாமல் சொல்லின. கடைசியில் எல்லோரும் ஜெனிட்டாவைப் பார்த்தார்கள், அந்த ஒரு ஆளாவது தெரியாமல் தின்றிருக்க வேண்டும் என்ற ஆசையில் பார்த்தார்கள்.

"ரெண்டாவது துண்டுல" என்றார் ஜெனிட்டா. "வாயில வச்சதும் தெரிஞ்சிடுச்சு. எல்லாரும் பார்த்துட்டிருந்தீங்க. துப்ப முடியல. முழுங்கிட்டேன்." அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவரைத் தேற்றும் தகுதி தனக்கு இருக்கிறதென்று அந்தத் தண்ணீரில் நின்ற யாருக்கும் தோன்றவில்லை, ஆகவே எல்லோரும் சும்மா நின்றார்கள், மட்டிகள் விழுந்துகொண்டிருந்தன.

கல்யாணம் நின்றுபோகவில்லை. தாரை வார்த்துக் கொடுக்க அப்பனைக் கூப்பிட்டபோது கொம்பையா பின்னால் நகர்ந்து சங்கிலியை முன்னால் தள்ளினார். சங்கிலி மறுத்தான், பிறகு செண்பகவல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டதும் சம்மதித்தான். அவள் அப்பாவின் காலிலும் விழுந்து கும்பிட்டாள், ஆனால் அவரிடம் பழையபடி பேச அவளுக்கு ரொம்ப நாளாயிற்று. சங்கிலியோ அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசினதில்லை. கொம்பையா வேலையை விட்டுவிடுவதாகப் போய் நின்றபோது ஜெனிட்டா, "யாரை யாரு அனுப்புறது அண்ணாச்சி? தொட்டியைக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆறு மெல்ல மெல்லத் தெளிந்தது. மட்டிகள் படுகையெல்லாம் பரவி, பள்ளங்களில் மணல் தங்க ஆரம்பித்து, எங்கிருந்தோ கெண்டைகள் வந்தன. அன்றைக்குத் தின்ற எல்லோருடைய காதுக்குக் கீழேயும் வெளுப்பாக, முத்துப் பூச்சு போலத் தழும்புகள் நின்றுவிட்டன. முதலில் மறைத்தார்கள், பிறகு வெளியூரிலிருந்து ஆட்கள் ஆற்றைப் பார்க்க வரத் தொடங்கியதும் காட்டினார்கள், அப்புறம் ஒருவிதப் பெருமையாகவே தலையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார்கள். எங்கள் கழுத்தில்தான் இந்த ஆறு பிழைத்தது என்றார்கள். எப்படித் தின்றோம் என்பதை விட்டுவிட்டுச் சொல்ல நன்றாகப் பழகிக்கொண்டார்கள். அவரவர் தழும்பே அவரவருக்காகப் பேசிவிடுவதால் வாயைத் திறக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

வருகிறவர்களுக்குப் பண்ணையைச் சுற்றிக் காட்டுகிற வேலை கொம்பையாவுடையது. தொட்டிகளைக் காட்டுவார், கெண்டையைக் காட்டுவார், குஞ்சு எப்படிக் கவ்வும் என்று சொல்வார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு யாராவது ஒருவர் அவர் கழுத்தைப் பார்ப்பார்கள், வழவழவென்று ஒன்றுமில்லாமல் இருக்கும், மரியாதை பொங்கக் கேட்பார்கள்.

"ஊர்ல எல்லாருக்கும் தழும்பு இருக்கே, உங்களுக்கு மட்டும் இல்லையே ஐயா. நீங்க ஒருத்தர்தான் அந்த மீனைத் தொடலையோ?"

கொம்பையா கையில் இருக்கிற வலையைக் கீழே வைப்பார்.

"திங்கல" என்பார். "நாந்தான் களவாண்டு குடுத்தேன்."

கேட்டவர்கள் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்புவார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்குக் காதெல்லாம் சுடும். சொல்லிச் சொல்லி ஒருநாள் பழகிவிடும் என்றுதான் அவர் நினைத்திருந்தார், இன்னும் பழகவில்லை.